கொள்ளைநோயும் குடிக்கூலியும்

2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24ந் தேதி இரவு பிரதம மந்திரி தேசத்து ஜனங்களுக்கு இட்ட கட்டளை, அவரவர் வீட்டுக்குள் இருக்கவேண்டும், வாசலைத் தாண்டலாகாது என்பதே. கொரோனா என்னும் கொள்ளைநோயைத் தடுக்க அச்சமயம் வேறு உபாயம் எவர் கையிலும் இல்லை. ஆதலால் அக்கட்டளையை நாம் குறை கூற முன்வரவில்லை. ஆயினும், எந்த உத்தரவும் அதை நிறைவேற்றுவதற்கு வேண்டிய சாதனம் பிரஜையினிடம் இருக்கிறதென்று எண்ணியே பிறப்பிக்கப்படுகிறது. வீட்டுக்குள் இரு என்றால் வீடு இருக்கவேண்டும். நோய் கண்டவன் காற்றோட்டமுள்ள தனியறையில், தனிக் கழிப்பிடத்தோடு இருக்கவேண்டும் என்று சுகாதார மந்திரி சபையார் விதி வகுத்தால், அந்த அறை எங்கே என்ற கேள்வி உடனே எழுகிறது.

சிங்காநல்லூரிலும் அதை அடுத்த உப்பிலிபாளையம், வரதராஜபுரம், ஒண்டிப்புதூர் முதலிய இடங்களிலும் உள்ள லைன் வீடுகளை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கடுமை விளங்காமற் போகாது. ஒரு நடை, நடையின் இரு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். சமையலும் படுக்கையும் குழந்தைகளின் பாடமும் அந்த ஓர் அறையிலேயே நடக்கவேண்டும். கடைக்கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒன்றோ இரண்டோ கழிப்பிடங்கள். காலையில் அங்கே வரிசை நிற்காத நாளில்லை. இத்தகைய இடத்தில் ஆறு அடி தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போவது, தண்ணீரில்லாத ஊரில் நீச்சல் கற்பிப்பதைப் போன்றதுதான்.

நோய் போய்விட்டது, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று சிலர் கேட்கக்கூடும். நோய் ஊருக்குள் இருக்கும்போது எந்தச் சர்க்காரும் வீடு கட்ட முடியாது; அது போன பிறகுதான் கட்ட முடியும். மேலும், நகரங்களில் 1 கோடிக் குடும்பங்களுக்கு வீட்டு வசதி செய்வதென்று 2024ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்திய சர்க்கார் இரண்டாம் திட்டத்தை அங்கீகரித்திருக்கிறார்கள். பணம் செலவாகப் போகிறது. எங்கே, யாருக்காக, எவ்விதம் என்று கேட்பதற்கு இதைவிடத் தக்க தருணம் வேறில்லை.

கோயமுத்தூருக்குக் கொள்ளைநோய் புதிய விருந்தாளியன்று. 1896ஆம் வருஷம் பம்பாயில் தோன்றிய பிளேக் ரயில் வழியாகத் தேசமெங்கும் பரவியது. சென்ற நூற்றாண்டின் ஆரம்ப காலத்தில் அது கோவையை அடைந்து பன்முறை திரும்பி வந்து வதைத்தது. ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தோட்டங்களிலும் காடுகளிலும் கொட்டகை போட்டு வசித்தார்கள். அக்காலத்து அச்சத்தின் அடையாளமாகப் பிளேக் மாரியம்மன் இன்னும் அந்நகரில் கோயில் கொண்டிருக்கிறாள். பயந்தவன் அம்மனைக் கும்பிட்டான். அது அவனுக்கு ஆறுதல். சர்க்கார் செய்தது என்ன என்பதே நமது விசாரணைக்குரியது.

அந்நிய சர்க்கார் முதலில் செய்தது 1897ஆம் வருஷத்துத் தொத்துநோய்ச் சட்டம். அச்சட்டத்தின் பெயரால் புனாவில் வெள்ளைச் சிப்பாய்கள் வீடுபுகுந்து நடத்திய சோதனைகளும், அவற்றைத் தொடர்ந்து பிளேக் அதிகாரி ராண்டு கொல்லப்பட்டதும், லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றதும் நமது வாசகர்கள் நன்கறிந்தவை. அவர்கள் இரண்டாவதாகச் செய்த காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெரிசலும் இருட்டும் நிறைந்த வீடுகளே பிளேக்கின் விளைநிலம் என்று கண்டு, 1898ஆம் வருஷத்தில் பம்பாயில் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஒன்றை ஸ்தாபித்தார்கள். அந்த டிரஸ்டு அகன்ற சாலைகளை வெட்டியது. காற்றும் வெளிச்சமும் புகும்படி மனைகளை வகுத்தது. அதற்காக இடிக்கப்பட்ட குடிசைகளிலும் சால்களிலும் இருந்த ஏழைகளோ, புதிதாகக் கட்டப்பட்டவை தமக்குப் போதாமையால், பக்கத்துப் பேட்டைகளில் முன்னிலும் நெருக்கமாகப் போய் அடைந்தார்கள். நோயைக் காரணமாகக் காட்டி ஏழையின் கூரையைப் பிரிக்கும் வழக்கம் அன்று தொடங்கியது என்று சொல்லத் தடையில்லை.

கோவையிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. நகரின் நெருக்கத்தைக் குறைக்க மேற்கே எழுந்த விஸ்தரிப்பு, ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி இன்று ஆர்.எஸ். புரமாக விளங்குகிறது. அந்நகரின் சிறந்த பேட்டைகளுள் அது ஒன்று. அதன் நேரான வீதிகளைக் கண்டு நாமும் மகிழ்கிறோம். ஆனால் மனை வாங்கச் சக்தியுள்ளவர்களே அங்கே போனார்கள். 1920ஆம் வருஷத்தில் சென்னை இராஜதானிக்கு ஒரு நகரமைப்புச் சட்டமும் வந்தது. தறிகாரனும் கூலிக்காரனும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பிறகு ஆலைகள் வந்தன. 1932ஆம் வருஷத்தில் பைகாரா மின்சாரம் கிடைக்கவே, கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. திருச்சி ரஸ்தாவில் சிங்காநல்லூரும் ஒண்டிப்புதூரும் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து உறங்கும் ஊர்களாயின. சில ஆலை முதலாளிகள் தொழிலாளருக்குக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள்; அவற்றில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்காக, சொந்த நிலமுள்ளவர்கள் தோட்டத்தின் ஓரத்தில் வரிசை அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். லைன் வீட்டின் பிறப்பு இதுவே. 1952ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் கைத்தொழில் வீட்டு உதவித் திட்டத்தை ஏற்படுத்தினார்கள். 1961ஆம் வருஷத்துச் சட்டத்தால் மாகாணத்தில் வீட்டு வசதி வாரியம் உண்டாயிற்று. 1970ஆம் வருஷத்தில் குடிசை மாற்று வாரியமும் அமைந்தது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நன்றிகேடு. எனினும், சொந்த வீடு கொடுப்பதிலேயே இவற்றின் கவனம் வரவரப் பதிந்து, வாடகைக்கு இருப்பவன் என்றொரு மனிதன் உண்டென்பதே மறக்கப்பட்டுவிட்டது. 1981ஆம் வருஷத்தில் சிங்காநல்லூர் முனிசிபாலிடி கோவைக் கார்ப்பொரேஷனில் கலந்தது. ஊரின் பெயர்ப்பலகை மாறியது. லைன் வீடுகள் மாறவில்லை.

இனி 2020ஆம் வருஷத்துக்கு வருவோம். இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கோவை ஜில்லாவின் கொரோனா நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட முக்கிய ஆஸ்பத்திரி சிங்காநல்லூரை ஒட்டிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிதான். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசும் முதலாளி செலுத்திய காசும் சேர்ந்து நடக்கும் காப்புறுதி அது. தமிழ்நாட்டில் 1955ஆம் வருஷத்தில் கோவையிலேதான் முதலில் தொடங்கியது. ஜில்லா முழுவதற்கும் ஆபத்து வந்தபோது தொழிலாளரின் ஆஸ்பத்திரி கதவைத் திறந்தது. டாக்டர்களும் நர்ஸுகளும் துப்புரவுத் தொழிலாளரும் அங்கே செய்த சேவையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். 1921ஆம் வருஷத்துப் பிளேக்கைப் போலன்றி, 2021ஆம் வருஷத்து மே மாதத்தில் கோவையின் தினசரி நோய்க் கணக்கு சென்னையின் கணக்கையே மிஞ்சியபோது, அதை ஊரார் தினந்தோறும் எண்களில் படித்து நடுங்கினார்கள். அம்மாதம் 30ந் தேதி முதல் மந்திரி ஸ்டாலின் பாதுகாப்புக் கவசம் அணிந்து அந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகளை நேரில் கண்டு வந்தார். தனியறை இல்லாதவர்களுக்காகக் கொடிசியா மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் இல்லாவிடினும் நூற்றுக்கணக்கில் கட்டில்கள் போடப்பட்டன. வீட்டில் அறை இல்லாத குறையைக் கண்காட்சி மண்டபம் தீர்க்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்தெழுந்தவன் திரும்பிப் போனது அதே லைன் வீட்டுக்கு. அங்கே அவனுக்காகக் காத்திருந்தது இரண்டு மாதத்துக் குடிக்கூலி.

குடிக்கூலி விஷயத்தில் சர்க்கார் நடந்துகொண்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அரிசி கொடுத்தார்கள், அதை நாம் மறுக்கவில்லை. மத்திய சர்க்கார் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுத்தனர். தமிழ்நாட்டு சர்க்கார் 2020ஆம் வருஷத்தில் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும், 2021ஆம் வருஷத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு இரண்டு தவணைகளில் 4,000 ரூபாயும் வழங்கினார்கள். அம்மா உணவகங்களில் அடுப்பு அணையாமல் எரிந்தது. பசியால் ஜனங்கள் மடியவில்லையெனில் அதற்கு இவையே காரணம். ஆனால் வயிற்றுக்கு வழி செய்தவர்கள் கூரைக்கு என்ன செய்தார்கள்? 2020 மார்ச்சு 29ந் தேதி உள்நாட்டு மந்திரி இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது: தொழிலாளிகளிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கலாகாது. அவ்வளவுதான். அந்த ஒரு மாத வாடகை ரத்தா, ஒத்திவைப்பா? ரத்தானால் நஷ்டத்தை யார் ஏற்பது? இரண்டாம் மாதம் என்ன செய்வது? உத்தரவு இவற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச்சு 27ந் தேதி, ரிசர்வ் பாங்கி வேறொரு சலுகையை அறிவித்திருந்தது. கடன் வாங்கினவர்கள் மூன்று மாதத் தவணையைக் கட்டாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அச்சலுகை. பின்னர் அது ஆகஸ்டு முடிவு வரையில் நீட்டிக்கப்பட்டது. வட்டிக்கு வட்டி கூடாதென்று வழக்கு நடந்து, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்தப் பாரத்தை மத்திய சர்க்காரே ஏற்றுக்கொண்டனர். பாங்கிக் கடனில் வீடு வாங்கினவனுக்கு ஆறு மாத அவகாசமும் பொக்கிஷத்தின் உதவியும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஒரு மாதத்துக் காகித உத்தரவு. சொத்துள்ளவனைக் காக்கும் யந்திரம் ஒரு வாரத்துக்குள் சுழல்கிறது. சொத்தில்லாதவனைக் காக்க அப்படியொரு யந்திரமே செய்யப்படவில்லை. பாங்கி அதிகாரிகளின் மனத்தில் வன்மம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. கடனுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு; வாடகைக்குக் கிடையாது. குறை அங்கேதான் இருக்கிறது.

டில்லியில் நடந்தது இதை இன்னும் தெளிவாக்கும். ஏழைக் குடித்தனக்காரர் வாடகை கொடுக்க முடியாவிட்டால் சர்க்காரே கொடுக்கும் என்று அப்போதைய முதல் மந்திரி கேஜ்ரிவால் 2020 மார்ச்சு மாதக் கடைசியில் பகிரங்கமாக வாக்களித்தார். வாக்கு நிறைவேறவில்லை. சில தொழிலாளிகள் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். முதல் மந்திரியின் வாக்குறுதி வெறும் பேச்சன்று, அதற்குச் சட்டவலிமை உண்டென்று 2021 ஜூலையில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் மேல் பெஞ்சு அதை நிறுத்தி வைத்தது. வாக்களித்தவரை மட்டும் பழிப்பதில் பயனில்லை. வாக்கே அளிக்காதவர்கள் அவரைவிட மேலானவர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடகை வாங்குகிறவன் என்றாலே கொடியவன் என்று மேடைகளில் பேசுவது எளிது. சிங்காநல்லூரின் நிலைமை அப்படியில்லை. ஆலையில் முப்பது வருஷம் உழைத்து, வேலை விட்டபோது கைக்கு வந்த பணத்தில் நாலு அறை கட்டி, அந்த வாடகையில் மருந்தும் சோறும் காண்கிற முதியவர்கள் அங்கே பலர். விதவைகள் பலர். அவர்களிடம் போய் வாடகை கேட்காதே என்று சொல்வது, ஓர் ஏழையின் பாரத்தை இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். மனச்சாட்சியுள்ள பலர் தாமாகவே பாதி வாடகை வாங்கினார்கள், சிலர் முழுவதும் விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தர்ம குணத்தை நம்பியே ஒரு சர்க்கார் கொள்ளைநோய்க் காலத்தைத் தாண்டலாமா? ஆலைகளின் நிலைமையும் வேலையற்றோரின் கஷ்டத்தைக் கூட்டியது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளில் 2020 ஊரடங்கின்போது நின்ற சக்கரங்கள் மீண்டும் முறையாகச் சுழலவில்லை. சர்க்காரே முதலாளியாக இருந்த இடத்தில் இந்தக் கதி.

வெளி மாகாணத் தொழிலாளரின் விஷயம் இன்னும் மோசமானது. ஒடிஸா, பீகார், ஜார்க்கண்டு முதலிய இடங்களிலிருந்து வந்து கோவையின் பட்டறைகளிலும் வார்ப்பட ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பவர்கள், ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று முறை வைத்து உறங்குகிறவர்கள். இவர்களுக்குத் தக்க இருப்பிடம் தரும் கடமையை 1979ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்பந்தக்காரர் மேல் சுமத்தியிருந்தது. அச்சட்டம் புத்தகத்தில் உறங்கியது. இவர்களில் பெரும்பாலோரிடம் இந்த ஊர் ரேஷன் கார்டு இல்லையாதலால் ரூபாய் உதவியும் எட்டவில்லை. 2020 மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் விடப்பட்டபோது, பிழைக்க வந்த ஊரை விட்டு ஓடுவதற்கு அவர்கள் காட்டிய அவசரத்துக்கு நோயின் பயத்தோடு வாடகையின் பயமும் காரணம்.

கடல் கடந்த நம்மவர் அனுபவமும் இதுவே. சிங்கப்பூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வங்காள தேசத்துத் தொழிலாளரும் பெருவாரியாக விடுதிகளில் நெருக்கிவைக்கப்பட்டிருந்தனர். 2020ஆம் வருஷத்தில் அந்நாட்டில் கண்டறியப்பட்ட நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகளே. சுத்தத்துக்கும் ஒழுங்குக்கும் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. நோய்க்கு நகரத்தின் புகழ் தெரியவில்லை; அறைக்கு எத்தனை கட்டில் என்பதே தெரிந்தது. அதன் பிறகு சிங்கப்பூர் சர்க்கார் புதிய விடுதிகளுக்கு இடப்பரப்பையும் கட்டில் எண்ணிக்கையையும் கழிப்பிடத்தையும் பற்றிய விதிகளைத் திருத்தினார்கள். நம்மவர் இங்கே ஒரு லைன் வீட்டுக்கு அவ்வித விதி எதையும் கட்டாயமாக்கவில்லை.

நோயின் படிப்பினையை மத்திய சர்க்கார் அடியோடு காணவில்லை என்பது சரியல்ல. 2020 ஜூலை 8ந் தேதி மந்திரி சபை, குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டமொன்றை அங்கீகரித்தது. முந்திய திட்டங்களில் கட்டி ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவது ஒரு வழி. ஆலைகளும் பொது ஸ்தாபனங்களும் தம் நிலத்தில் கட்டுவது மற்றொரு வழி. யோசனை நல்ல யோசனை. முதல் வழிக்கென்று கணக்கிடப்பட்ட பூட்டிய வீடுகள் 80,000க்கு மேல். வாடகைக் குடியிருப்பாக மாற்றப்பட்டவை ஏறக்குறைய 5,600. நூற்றுக்கு ஏழு! இரண்டாம் வழியில் தமிழ்நாடு சிறிது முன்னேறியது உண்மை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய அந்நியக் கம்பெனி வந்து கேட்டால் விடுதி எழும்புகிறது. பத்துப் பேரை வைத்து லேத்துப் பட்டறை நடத்தும் கோவைச் சிறு முதலாளிக்கும் அவனிடம் வேலை செய்பவனுக்கும் யார் கட்டித் தருவது?

சொந்த வீட்டு மோகத்தின் கதையைச் சொல்லப் புகுந்தால் அது நீளும். 2015ஆம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் மிகப் பெரும் பகுதி, தன் மனையில் தானே கட்டிக்கொள்பவனுக்கு உதவித் தொகை கொடுக்கும் பிரிவில் சென்றது. உதவி பெற மனை வேண்டும். மனை இருப்பவன் லைன் வீட்டில் ஏன் இருக்கிறான்? 2012ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் நிபுணர் குழு, தேசத்து நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைவாக உள்ளனவென்று கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம், வீடே இல்லாததால் ஏற்பட்ட குறைவன்று; இருக்கும் வீட்டில் நெரிசலால் ஏற்பட்ட குறைவு. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அதே நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் நெருக்கம்.

கட்டிக் கொடுத்ததைப் பேணும் லட்சணத்துக்கும் சிங்காநல்லூரே சாட்சி. வீட்டு வசதி வாரியம் 1980களில் அங்கே எழுப்பிய 960 வீடுகளின் கூரைக் காரை உதிர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, குடியிருப்போர் வருஷக் கணக்கில் முறையிட்டது தமிழ்நாடு அறிந்த செய்தி. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற உத்தரவு அந்த வீடுகளுக்கும் பொருந்தியது. வெளியே நோய், உள்ளே இடிந்து விழும் கூரை! மற்றொரு புறம், நகரத்துக் குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குக் கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் வெள்ளலூரிலும் அடுக்கு வீடுகள் தரப்பட்டன. கூரை உறுதியானதுதான். ஆனால் வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நகரத்துக்குள் வந்தாகவேண்டிய பெண்ணுக்குப் பஸ் நின்றுவிட்ட ஊரடங்கில் அந்தத் தூரமே பட்டினியாயிற்று. வெள்ளலூர்க்காரர்களுக்குக் கோவையின் குப்பைமேடும் அண்டை வீடு.

ஆகையால் நாம் கோருவது இதுதான். இனி ஒரு தொத்துநோய்க்குச் சர்க்கார் ஊரடங்கு உத்தரவிடும் அதே நாளில், வாடகை உதவியும் சட்டப்படி தானே அமலுக்கு வரவேண்டும். எந்த மந்திரியின் கருணைக்கும் காத்திருக்கலாகாது. பணம் வீட்டுக்காரர் கணக்குக்கு நேரே போகட்டும். குடித்தனக்காரன் தெருவுக்கு வரமாட்டான், முதியவர் மருந்தில்லாமல் தவிக்கமாட்டார். இதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டுமென்றோம். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. ஒப்பந்தங்களைப் பதியவேண்டுமென்று அது சொல்கிறது. லைன் வீட்டுக்காரர் பதிவுக்கு அஞ்சுவது வரிக்காகத்தான். குறிப்பிட்ட வாடகைக்குக் கீழ்ப்பட்ட அறைகளுக்குப் பதிவைக் கட்டணமின்றிச் செய்து, வரியிலும் சிறிது தள்ளிக்கொடுத்தால், பதிலாக ஜன்னலும் தனிக் கழிப்பிடமும் வைக்கச் சொல்லிக் கார்ப்பொரேஷன் கட்டாயப்படுத்துவதற்கு நியாயம் பிறக்கும். சீர்திருத்தச் செலவுக்கு மலிவு வட்டிக் கடன் கொடுக்கக் கூட்டுறவுப் பாங்கிகள் இருக்கின்றன. லைன் வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. பம்பாய் டிரஸ்டு செய்ததை இங்கே மறுபடியும் செய்யவேண்டாம்.

சர்க்கார் தாமே கட்டும் வாடகை வீடுகள் வேறொரு பகுதி. 2024ஆம் வருஷத்துத் திட்டத்தில் வாடகைக் குடியிருப்புக்கென்று தனிப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்பணத்தில் கோவைக்கு வரும் பங்கை நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் கொட்டாமல், திருச்சி ரஸ்தாவின் ஓரத்தில், சக்கரம் நின்ற ஆலைகளின் நிலத்தில் செலவிடலாம். ஆலை ஓடவேண்டும் என்பதே நமது முதல் விருப்பம். ஓடாதென்று முடிவானால், அந்த நிலம் வர்த்தக மாளிகைக்காரருக்கு ஏலம் போவதற்கு முன், அதில் உழைத்த ஜாதியாருக்குக் குடியிருப்பாக வேண்டும். ஆஸ்பத்திரி அருகில், பஸ் அருகில், பள்ளிக்கூடம் அருகில். அடுக்கு ஒவ்வொன்றிலும் சில அறைகளை நோய்க் காலத் தனியிருப்புக்கென்று வைத்துக்கொண்டால், அடுத்த முறை கண்காட்சி மண்டபத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை.

பணம் எங்கே என்று பொக்கிஷ மந்திரி கேட்பார். வட்டிக்கு வட்டியைத் தள்ளிக்கொடுக்க 2020ஆம் வருஷத்தில் பணம் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்து வரட்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் கட்டட வேலைகளின் மேல் வசூலித்த தீர்வை சேர்கிறது, ஈ.எஸ்.ஐ. நிதியிலே தொழிலாளரின் சொந்தக் காசு இருக்கிறது. நோய்க்காலத்தில் வேலை இழந்த காப்புறுதியாளனுக்குச் சராசரிக் கூலியில் பாதி கொடுக்க 2020ஆம் வருஷத்தில் அந்த ஸ்தாபனம் முன்வந்தது. அதோடு வாடகையையும் ஒரு தலைப்பாகச் சேர்ப்பதற்குச் சட்டத்தைச் சிறிது திருத்தினால் போதும். கோவைக் கார்ப்பொரேஷன் அங்கத்தினர்கள் முதற்கண் தங்கள் வட்டங்களில் லைன் வீடுகள் எத்தனை, ஓர் அறைக்கு ஆள் எத்தனை, கழிப்பிடம் எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்யட்டும். அதற்குப் பணமும் அதிகம் வேண்டாம், டில்லியின் அனுமதியும் வேண்டாம். சிங்காநல்லூர் வட்டங்களில் அதைத் தொடங்கும் தீர்மானத்தை முதலில் கொண்டுவரும் அங்கத்தினர் எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், அவருக்கு நமது ஆதரவு உண்டு.